எந்தப் பதிப்பு, எந்தப் பக்கம்? – ஆய்வேட்டில் சான்று காட்டும் வேலை

தமிழ்த்துறையில் முதுகலைத் திட்டக்கட்டுரையோ முனைவர் பட்ட ஆய்வேடோ எழுதிக்கொண்டிருப்பவருக்கான அத்தியாயம் இது. வரலாறு, நாட்டார் வழக்காற்றியல் படிப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். சான்று ஏன் காட்ட வேண்டும் என்ற உபதேசம் இங்கே இல்லை. ஒரே ஓர் அளவுகோலை வைத்துக்கொள்ளுங்கள்: உங்களைத் தெரியாத ஒருவர் உங்கள் அடிக்குறிப்பை எடுத்துக்கொண்டு நூலகத்துக்குப் போனால், நீங்கள் பார்த்த அதே பக்கத்தைத் திறக்க முடிய வேண்டும். முடிந்தால் சான்று சரி. காற்புள்ளி எங்கே, முற்றுப்புள்ளி எங்கே என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

## எழுத உட்காரும் முன்

1. உங்கள் பல்கலைக்கழகத்தின் ஆய்வேட்டு விதிமுறைகளை வாங்கிப் படியுங்கள். எந்த முறை என்று அதில் சொல்லியிருந்தால் பேச்சே இல்லை, அதுதான்.
2. சொல்லவில்லை என்றால் நெறியாளரைக் கேளுங்கள். அண்மையில் பட்டம் பெற்ற ஓர் ஆய்வேட்டைத் துறை நூலகத்தில் எடுத்து, துணைநூற்பட்டியல் எப்படி இருக்கிறது என்று பாருங்கள்.
3. முடிவான முறையில் ஒரு நூல், ஒரு கட்டுரை, ஓர் இணையப் பக்கம் ஆகியவற்றுக்கு மாதிரி எழுதி மேசைக்கு எதிரே ஒட்டிவையுங்கள். ப., பக்., தொ., ப.ஆ., மு.ப. போன்ற சுருக்கங்களையும் அதே தாளில் எழுதிவிடுங்கள்.

நடைமுறையில் மூன்று வகை உங்களை எதிர்கொள்ளும். ஒரே நூலை மூன்றிலும் பார்த்தால் வேறுபாடு விளங்கிவிடும் (பக்க எண் 45 என்பது உதாரணத்துக்கு மட்டும்).

அடிக்குறிப்பு முறை: மு. வரதராசன், தமிழ் இலக்கிய வரலாறு, புதுதில்லி: சாகித்திய அகாதெமி, 1972, ப. 45.

எம்.எல்.ஏ. முறை: கட்டுரைக்குள் (வரதராசன் 45). பட்டியலில் – வரதராசன், மு. தமிழ் இலக்கிய வரலாறு. சாகித்திய அகாதெமி, 1972.

ஏ.பி.ஏ. முறை: கட்டுரைக்குள் (வரதராசன், 1972, ப. 45). பட்டியலில் – வரதராசன், மு. (1972). தமிழ் இலக்கிய வரலாறு. சாகித்திய அகாதெமி.

எம்.எல்.ஏ. இப்போது 9ஆம் பதிப்பில் (2021) இருக்கிறது, ஏ.பி.ஏ. 7ஆம் பதிப்பில். பழைய பதிப்பைப் பார்த்து எழுதிய குறிப்புகள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. ஏ.பி.ஏ. 7ஆம் பதிப்பில் பதிப்பகத்தின் ஊர் கிடையாது, முன்பு இருந்தது. யாராவது ஊர் போடச் சொன்னால் எந்தப் பதிப்பின்படி என்று கேளுங்கள்.

இலக்கிய ஆய்வுக்கு அடிக்குறிப்பு முறையே வசதி என்பது என் கட்சி. உரையாசிரியர், பாடபேதம், பதிப்பு விவரம் என்று நம் சான்றுகளுக்கு ஒட்டிக்கொண்டு வரும் செய்திகள் அதிகம், அவை அடைப்புக்குறிக்குள் அடங்குவதில்லை. ஆனால் எதை எடுத்தாலும் முதல் இயலில் ஒன்று, மூன்றாம் இயலில் வேறொன்று என்று கலக்கக் கூடாது.

## குறிப்பெடுக்கும்போதே சான்று எழுதுங்கள்

துணைநூற்பட்டியலைக் கடைசி வாரம் தயாரிக்கலாம் என்று தள்ளிப்போடுவதில்தான் பாதிக்கு மேல் பிழைகள் பிறக்கின்றன. நூலைத் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது, செராக்ஸ் தாளில் தலைப்புப் பக்கம் இல்லை, பக்க எண் ஓரத்தோடு வெட்டுப்பட்டுவிட்டது. பிறகு ஊகம்தான்.

1. நூலைக் கையில் எடுத்ததும் முகப்புப் பக்கத்தையும் அதன் பின்பக்கத்தையும் கைபேசியில் படம் எடுங்கள். அட்டைப் படம் மட்டும் போதாது. அட்டையில் ஒரு தலைப்பும் உள்ளே வேறொரு தலைப்பும் இருப்பதுண்டு. உள்ளே இருப்பதே செல்லும்.
2. பின்பக்கத்தில் முதற்பதிப்பு ஆண்டு, உங்கள் பிரதியின் ஆண்டு இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.
3. ஒவ்வொரு குறிப்புக்கும் ஓர் அட்டை அல்லது கணினியில் ஒரு பத்தி. தலைப்பில் ஆசிரியர், நூல், பக்கம். பக்க எண்ணை முதலில் எழுதிவிட்டுத்தான் வாசகத்தை எழுத வேண்டும்.
4. அப்படியே எடுத்த வாசகத்துக்கு மேற்கோள் குறி இடுங்கள். உங்கள் சொற்களில் சுருக்கியதற்கு முன்னால் 'சு' என்றும், உங்களுக்கே தோன்றியதற்கு 'எ' என்றும் ஓர் எழுத்தைப் போடுங்கள். ஆறு மாதம் கழித்து எது உங்கள் வாக்கியம், எது அவருடையது என்று உங்களுக்கே தெரியாது. தெரிந்தே திருடுபவரைவிட இப்படிக் குழம்பி மாட்டிக்கொள்பவர்களே அதிகம்.
5. மேற்கோள் இரண்டு பக்கங்களில் பரவினால், எந்தச் சொல்லோடு பக்கம் மாறுகிறது என்று ஒரு கோடு போட்டு வையுங்கள். பிறகு பாதியை மட்டும் எடுத்தாளும்போது எந்தப் பக்கம் என்று தேடவேண்டியதில்லை.

குறிப்பு: பிடிஎஃப் கோப்பில் திரை காட்டும் பக்க எண்ணை நம்பாதீர்கள். முன்னுரை, பதிப்புரை, அணிந்துரை எல்லாம் சேர்ந்து திரையில் 47 என்று காட்டும் பக்கத்தில் அச்சிட்ட எண் 31 ஆக இருக்கும். அச்சிட்ட எண்ணையே எழுதுங்கள்.

## பெயர்: முதல் கண்ணி

மேலைநாட்டு முறைகள் எல்லாம் குடும்பப் பெயரை வைத்துக் கட்டப்பட்டவை. நமக்கு அது பெரும்பாலும் கிடையாது. முன்னால் நிற்கும் எழுத்து தகப்பனார் பெயர், சிலருக்கு ஊரும் சேர்ந்து. பெயரை விரித்து எழுதுபவர்களிடம் சிக்கல் தொடங்குகிறது. 'அஞ்சலி முருகேசன்' என்று ஒருவர் எழுதியிருந்தால், சான்று மேலாண்மை மென்பொருள் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு 'முருகேசன், அ.' என்று பட்டியலில் போட்டுவிடும். ஆய்வு செய்தது மகள், பெயர் வாங்குவது அப்பா.

செய்ய வேண்டியவை:

1. எது இயற்பெயர் என்று கண்டுபிடித்து, அதை வைத்தே அகரவரிசைப்படுத்துங்கள். ஆசிரியர் ஆங்கிலக் கட்டுரைகளில் தம்மை எப்படிச் சுட்டிக்கொள்கிறார் என்று பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும்.
2. ஜோட்டீரோ போன்ற மென்பொருளில் பெயரை இரண்டு பெட்டியில் பிரிக்காமல் ஒரே பெட்டியில் இடும் வசதி உண்டு. புனைபெயருக்கு அதைப் பயன்படுத்துங்கள். புதுமைப்பித்தன், புதுமைப்பித்தனாகவே பட்டியலில் வரட்டும். 'விருத்தாசலம், சொ.' என்று தேடி யாரும் வரப்போவதில்லை.
3. டாக்டர், பேராசிரியர், முனைவர், மகாமகோபாத்தியாய ஆகிய பட்டங்களை எடுத்துவிடுங்கள். மறைமலையடிகளில் உள்ள 'அடிகள்' பட்டமல்ல, பெயரின் பகுதி. அது இருக்கட்டும்.
4. மு.வ., உ.வே.சா., தெ.பொ.மீ. என்று கட்டுரைக்குள் எழுதலாம். பட்டியலில் முழுப்பெயர் வேண்டும்.
5. வரதராசன், வரதராஜன் என்று ஒரே ஆசிரியர் இரண்டு நூல்களில் இரண்டு விதமாக அச்சாகியிருந்தால், ஒரு வடிவத்தைத் தேர்ந்து இரண்டையும் அதன்கீழ் சேருங்கள். இல்லாவிட்டால் ஒருவர் இருவர் ஆகிவிடுவார்.

அகரவரிசையிலும் கணினியை முழுதாக நம்ப வேண்டாம். ஒருங்குறி எண் வரிசையில் அடுக்கும் மென்பொருள் கணேசனை முன்னாலும் கண்ணனைப் பின்னாலும் போடும். தமிழ் அகராதி வரிசையில் மெய்யெழுத்து முதலில் வருவதால் கண்ணனே முன்னவர். ஜெயகாந்தனைச் சகர வரிசைக்கும் ஞகர வரிசைக்கும் நடுவே செருகும். கிரந்த எழுத்துகள் நம் வரிசையில் கடைசி. பட்டியலை அச்செடுத்து ஒருமுறை கண்ணால் சரிபாருங்கள்.

## பழந்தமிழ் நூல்கள்: பக்கம் அல்ல, எண்

சங்க இலக்கியத்துக்குப் பக்க எண் மட்டும் கொடுப்பதைப்போல வீண்வேலை வேறில்லை. பதிப்புக்குப் பதிப்பு பக்கம் மாறும், பாட்டின் எண் மாறாது. எனவே:

- எட்டுத்தொகை நூல் எனில் பாட்டு எண்ணும் அடி எண்ணும்: புறம். 192: 1–3
- திருக்குறள் எனில் குறள் எண் போதும்
- சிலப்பதிகாரம் எனில் காதையும் அடியும்: சிலப். 20: அடி எண்
- கம்பராமாயணம் எனில் காண்டம், படலம், பாட்டு எண், கூடவே பதிப்பு. பாடல்களின் எண் பதிப்புக்குப் பதிப்பு வேறுபடுவதால் பதிப்பைச் சொல்லாத எண் பயன்படாது
- தொல்காப்பியம் எனில் அதிகாரம், இயல், நூற்பா எண், கூடவே உரையாசிரியர்

கடைசி விதியைப் பலர் தாண்டிப்போகிறார்கள். இளம்பூரணர் ஒரே நூற்பாவாகக் கொண்டதை இன்னொருவர் இரண்டாகப் பிரித்திருப்பார், அதன்பின் வரும் எண்களெல்லாம் நகர்ந்துவிடும். 'தொல். பொருள். 50' என்று மொட்டையாக எழுதினால் தேர்வாளர் எந்த நூற்பாவைப் பார்ப்பார்? 'தொல். பொருள். அகத். இளம். 50' என்று எழுதுங்கள். உரையிலிருந்து எடுத்திருந்தால் அங்கே பக்க எண்ணும் தேவை.

எண் கொடுத்துவிட்டோமே, பதிப்பைச் சொல்ல வேண்டுமா? வேண்டும். பாடபேதம் இருக்கிறதே. குறுந்தொகையை 1915இல் சௌரிப்பெருமாள் அரங்கன் பதிப்பித்தார். உ.வே.சா. பதிப்பு 1937இல் வந்தது. உங்கள் வாதம் ஒரு சொல்லின் மேல் நிற்கிறதென்றால், எந்தப் பதிப்பின் பாடம் என்பதை அந்த இடத்திலேயே அடிக்குறிப்பில் எழுதுங்கள். மற்ற இடங்களில் 'இவ்வாய்வில் மேற்கோள்கள் இன்ன பதிப்பைத் தழுவியவை' என்று முன்னுரையில் ஒரு வரி போதும்.

பதிப்பாசிரியரை ஆசிரியராக்கிவிடாதீர்கள். 'உ.வே. சாமிநாதையர் எழுதிய புறநானூறு' என்று பொருள்படும் பட்டியல்கள் ஏராளம். 'புறநானூறு மூலமும் உரையும், உ.வே. சாமிநாதையர் (ப.ஆ.)' என்று நூலின் பெயரில் தொடங்குங்கள்.

ஆண்டு: பழைய நூல்களில் கிறித்துவ ஆண்டு இல்லாமல் 'ஜய வருடம்' என்று மட்டும் இருக்கலாம். அறுபது ஆண்டுச் சுழற்சி என்பதால் அது 1894ஆகவும் இருக்கும், 1954ஆகவும் இருக்கும். முன்னுரையின் தேதி, அச்சகத்தின் பெயர், நூலக முத்திரை ஆகியவற்றை வைத்து உறுதிசெய்து, நீங்கள் கணித்ததைச் சதுர அடைப்புக்குள் எழுதுங்கள். திருவள்ளுவர் ஆண்டு இருந்தால் 31ஐக் கழித்துக்கொள்ளலாம்.

மறுபதிப்பிலும் கவனம் வேண்டும். மு.வ. 1974இல் மறைந்தார். உங்கள் கையில் 2015ஆம் ஆண்டு அச்சான பிரதி இருந்து '(வரதராசன், 2015)' என்று எழுதினால், அவர் மறைந்து நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு எழுதியதாக ஆகும். ஏ.பி.ஏ. முறையில் (வரதராசன், 1972/2015) என்று இரண்டு ஆண்டும் கொடுக்க வழியிருக்கிறது. அடிக்குறிப்பு முறையில் '2015 (மு.ப. 1972)' என்று எழுதுங்கள். பக்க எண் மட்டும் கையிலுள்ள பிரதியின் எண்.

## புத்தகம் அல்லாத சான்றுகள்

இதழ்க் கட்டுரை. கட்டுரையாளர், கட்டுரைத் தலைப்பு, இதழ், மலர், இதழ் எண், மாதம்–ஆண்டு, பக்கங்கள். பழைய இதழ்களில் மலர், இதழ் எண்களைத் தவிர்க்க முடியாது. மாதம் மட்டும் வைத்துக் கட்டுத் தொகுப்பில் தேடுவது பெரும்பாடு.

கருத்தரங்கத் தொகுப்பு. தொகுப்பின் பதிப்பாசிரியரைச் சான்றில் போட்டுக் கட்டுரையாளரை மறப்பது வழக்கமான தவறு. இருவரும் வேண்டும்.

கல்வெட்டு. தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகளிலிருந்து எடுத்தால் தொகுதி எண்ணும் கல்வெட்டு எண்ணும்: தெ.இ.க., தொ. 2, எண் 1. இது தஞ்சைப் பெரிய கோயிலின் முதலாம் இராசராசன் கல்வெட்டு. நீண்ட கல்வெட்டு என்றால் வரி எண்ணும் சேர வேண்டும். கோயிலுக்கு நேரில் போய்ப் படித்திருந்தால் அதையும், எந்தச் சுவர் என்பதையும் எழுதுங்கள்.

மின்னூல். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இருப்பவை பெரும்பாலும் அச்சு நூலின் ஒளிப்பிரதிகள். அங்கே படித்தால் அச்சு நூலுக்கான விவரம் எல்லாம் கொடுத்து, பின்னால் தளத்தின் பெயரைச் சேருங்கள். மதுரைத் திட்டத்தின் கோப்புகள் தட்டச்சு செய்யப்பட்டவை, அச்சு நூலின் பக்க எண்ணை எதிர்பார்க்க முடியாது. தேடிக் கண்டுபிடிக்க அவை அருமையானவை. மேற்கோளை மட்டும் அச்சுப் பதிப்போடு ஒப்பிட்டுவிட்டு, அச்சுப் பதிப்பையே காட்டுங்கள். ஈழத்து நூல்களுக்கு நூலகம் தளம் இருக்கிறது. அதற்கும் ஒளிப்பிரதிக்கான முறையே.

களப்பணி. தகவலாளியின் பெயர், வயது, ஊர், நேர்காணல் நாள் ஆகியவற்றைப் பின்னிணைப்பில் கொடுப்பது நாட்டார் வழக்காற்றியல் ஆய்வுகளின் வழக்கம். இங்கே பாதுகாப்பு முக்கியம். பெயரை வெளியிடலாமா என்று அவரிடம் நேரடியாகக் கேட்டு, சம்மதத்தைப் பதிவுசெய்யுங்கள். சாதிப் பூசல், நிலத் தகராறு, குடும்பச் செய்தி எதுவாக இருந்தாலும் பெயரையும் ஊரையும் மாற்றி 'தகவலாளி 4, பெண், அறுபதைக் கடந்தவர்' என்ற அளவில் நிறுத்துங்கள். உங்கள் ஆய்வேடு நாளை ஷோத்கங்கா என்ற இணைய ஆய்வேட்டுக் களஞ்சியத்தில் ஏறும், அந்த ஊர்க்காரர்களும் படிப்பார்கள்.

## பார்க்காத நூலைப் பார்த்ததாகக் காட்டாதீர்கள்

கைலாசபதியின் ஆங்கில நூலான 'டமில் ஹீரோயிக் பொயட்ரி' (ஆக்ஸ்போர்டு, 1968) சங்கப் பாடல்களின் வாய்மொழித் தன்மை பற்றிய எந்த ஆய்விலும் தலைகாட்டும். அதை எடுத்தாளும் எல்லோரும் அதைப் புரட்டிப் பார்த்தவர்கள் என்று சொல்ல முடியாது. ஒருவர் பக்க எண்ணைத் தவறாகப் போட்டால், அவரைப் பார்த்து எழுதியவர், அவரைப் பார்த்து எழுதியவர் என்று அதே தவறு பரம்பரையாக இறங்கிவருகிறது.

மூலநூலைத் தேடிப் பாருங்கள். கிடைக்கவே இல்லை என்றால் உண்மையைச் சொல்லுங்கள்: 'க. கைலாசபதி, மேற்கோள்: இன்னார், இன்ன நூல், ப. இத்தனை.' துணைநூற்பட்டியலில் நீங்கள் கையில் வைத்திருந்த நூல் மட்டும் வர வேண்டும். வாய்மொழித் தேர்வில் 'இந்த நூலை எங்கே பார்த்தீர்கள்?' என்று புறத்தேர்வாளர் கேட்டால், இந்த ஒரு வரி உங்களைக் காப்பாற்றும்.

## சொல்லை மாற்றினால் சொந்தமாகிவிடாது

ஒரு நூலில் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம் (உதாரணத்துக்கு நான் எழுதிய வாக்கியம்): 'குறிஞ்சிப் பாடல்களில் தோழியின் குரல் தலைவியின் குரலைவிடத் துணிச்சலானது, ஊரின் பழிச்சொல்லை முதலில் எண்ணிப் பார்ப்பவள் அவளே.'

மாணவர் எழுதுகிறார்: 'குறிஞ்சித்திணையில் தலைவியின் குரலைக் காட்டிலும் தோழியின் குரல் தைரியமானது; ஊராரின் அலரை முதலில் நினைத்துப் பார்ப்பவள் தோழிதான்.' அடிக்குறிப்பு போட்டாலும் இது தவறுதான். வாக்கியத்தின் எலும்புக்கூடு அப்படியே இருக்கிறது.

இப்படி எழுதலாம்: 'அலரின் விளைவை முதலில் கணிப்பவள் தோழியே என்று இன்னார் கருதுகிறார். பகற்குறிப் பாடல்களுக்கு இது பொருந்துகிறது. இரவுக்குறிப் பாடல்களில் தலைவியே அதைச் செய்யும் இடங்கள் உள்ளனவா என்பது இவ்வியலின் கேள்வி.' கருத்து யாருடையது, உங்கள் வேலை எங்கே தொடங்குகிறது என்று இரண்டும் தெரிகின்றன. மூலநூலை மூடிவைத்துவிட்டு எழுதினால் இது தானாக வரும்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகளின்படி, ஆய்வேட்டில் ஒற்றுமை 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்கு மிகாத கெடுவுக்குள் திருத்தித் தர வேண்டும். 40க்கு மேல் 60 வரை என்றால் திருத்திய ஆய்வேட்டை ஓராண்டுக்குச் சமர்ப்பிக்க முடியாது. 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. முறையாகச் சான்று காட்டிய மேற்கோள்களும் துணைநூற்பட்டியலும் இந்தக் கணக்கில் சேராது.

'தமிழைச் சாப்ட்வேர் பிடிக்காது' என்று விடுதி அறைகளில் ஒரு நம்பிக்கை உலவுகிறது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த ஆய்வேடுகள் மென்பொருளுக்குப் பிடிபடாமல் போவது உண்டுதான். ஆனால் உங்கள் தலைப்பில் முன்பு வந்த ஆய்வேட்டுக்கு நெறியாளராக இருந்தவரே உங்களுக்குத் தேர்வாளராக வரலாம். அவருக்கு மென்பொருள் தேவையில்லை.

## செயற்கை நுண்ணறிவு தரும் சான்றுகள்

செயலியிடம் 'இதற்குச் சான்று கொடு' என்று கேட்டால் ஆசிரியர், தலைப்பு, ஆண்டு, பக்கம் எல்லாம் கச்சிதமாகத் தரும். அந்த நூல் உலகத்திலேயே இல்லாமலும் இருக்கலாம். சங்க இலக்கியத்தில் இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. புறநானூற்றில் 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் பத்தாம் பத்தும் இல்லை, ஆகவே எண்கள் 11 முதல் 90 வரைதான். நற்றிணை 234 இல்லை. குறுந்தொகை 401ஓடு முடிகிறது. 'பதிற். 5' என்றோ 'குறுந். 415' என்றோ வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். எண் சரியாக இருந்தாலும் பாட்டைத் திறந்து, சொன்ன பொருள் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இது மனிதர்கள் எழுதிய கட்டுரைகளுக்கும் பொருந்தும்.

## சமர்ப்பிக்கும் முன்

1. 'மேலது' என்று வரும் இடங்களை எல்லாம் தேடுங்கள். எழுதும்போது சரியாகத்தான் இருந்திருக்கும். நடுவில் ஒரு புதிய அடிக்குறிப்பைச் செருகியதும் 'மேலது' வேறொரு நூலைச் சுட்டத் தொடங்கிவிடும். வரைவு நிலையில் 'மேலது' போடாமல் ஆசிரியர் பெயரும் குறுந்தலைப்பும் எழுதிவந்தால் இந்த வம்பே இல்லை. கடைசி நாளில் மாற்றிக்கொள்ளலாம், மாற்றாமலும் விடலாம்.
2. அடிக்குறிப்பில் உள்ள ஒவ்வொரு நூலும் பட்டியலில் இருக்கிறதா என்று டிக் அடியுங்கள். பிறகு தலைகீழாக: பட்டியலில் இருந்தும் எங்குமே எடுத்தாளாத நூல்களை நீக்குங்கள். பட்டியல் நீண்டால் மதிப்பெண் கூடும் என்பது பொய்.
3. நேர் மேற்கோள்களை மூலத்தோடு எழுத்தெண்ணி ஒப்பிடுங்கள். ஒருவர் வாசிக்க இன்னொருவர் பார்ப்பது நல்லது. மூலத்தில் அச்சுப்பிழை இருந்தால் திருத்தாமல் அப்படியே விட்டு, பக்கத்தில் சதுர அடைப்புக்குள் சரியான வடிவத்தைக் கொடுங்கள்.
4. இணைய முகவரிகளை ஒவ்வொன்றாகச் சொடுக்குங்கள். செத்துப்போன இணைப்பு இருந்தால் பார்த்த நாளைக் குறிப்பிடுங்கள். சேமித்துவைத்த பக்கத்தின் அச்சுப் பிரதியைக் கோப்பில் போடுங்கள்.
5. பிடிஎஃப் ஆக்கியபின் கடைசியாக ஒருமுறை புரட்டுங்கள். எழுத்துரு மாறி அடிக்குறிப்பு எண்கள் காணாமல் போவது இந்தக் கட்டத்தில்தான்.

குறிப்பட்டைகளையும் முகப்புப் பக்கப் படங்களையும் ஆய்வேட்டைக் கொடுத்த அன்றே எடைக்குப் போட வேண்டாம். வாய்மொழித் தேர்வுக்குப் போகும்போது இயல்வாரியாக அடுக்கி, கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.